கண்டி மலைப்போர்களும் சிறுபடைத் தலைவர்களும்

ஒரு நாட்டின் படைவலியை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் வீரரின் தொகையையும் படைக்கலங்களின் பெருக்கத்தையுமே கணக்கிடுவர். வள்ளுவர் அவ்வாறு அளந்திலர். படைமாட்சி என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நிலைத்து நிற்கும் வீரர் பலரைக் கொண்டதாயினும், தலைமை தாங்குவோர் இல்லாதவிடத்துப் படை என ஒன்று இல்லை என்னும் கருத்தையே அவர் வைத்துள்ளார். அங்கே 'தலைமக்கள்' எனப் பன்மையாற் கூறியிருத்தல் நோக்கத்தக்கது. ஒரு படைக்குத் தளபதி ஒருவனே, தலைமக்களோ பலர்.

தளபதியின் பெயர் வரலாற்றில் இடம் பெறும். அரசனின் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். அவ்விருவர்க்கும் கீழே நின்று, பத்துப் பேரையோ இருபது பேரையோ காட்டுவழியில் நடத்திச் சென்று, அவர்தம் உணவையும் காவலையும் கவனித்து, இடர் நேர்ந்த கணத்தில் 'நில்' என்றோ 'செல்' என்றோ சொல்லுகின்றவனுடைய பெயர் எங்கும் பதிவாவது அரிது. ஆயினும் போர்க்களத்தில் வெற்றி தோல்விகள் பலமுறை அவன் கையிலேயே தங்கியுள்ளன. இவ்வுண்மையைக் கண்டி மாநகரும் அதனைச் சூழ்ந்த மலைகளும் தெளிவாகக் காட்டுகின்றன. 1594ஆம் ஆண்டு தொடங்கி அந்நகரினுட் புகுந்த அந்நியப் படைகள் பல; ஆனால் 1815ஆம் ஆண்டு வரை அங்கு நிலைத்து நின்றது ஒன்றுமில்லை. இதற்கு மலையும் மழையும் காய்ச்சலும் காரணம் என்பர். அவை மெய்யே. எனினும், சிறுபடைத் தலைவர்களை எவர் உருவாக்கினர், எவர் நம்பினர், எவர் நம்பாது கெட்டனர் என்னும் வினாவும் அக்காரணங்களோடு சேர்த்து ஆராயப்பட வேண்டியதாகும்.

நிலத்தின் இயல்பு

கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,600 அடிக்கு அதிகமான உயரத்தில் அமைந்தது. மகாவலி கங்கை அதனை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைந்து ஓடுகின்றது. கொழும்பிலிருந்து வரும் படைக்குப் பலனைக் கணவாய் வாயிலாக விளங்கிற்று. திருகோணமலையிலிருந்து வருவோர் மாத்தளை வழியாகவும், மட்டக்களப்பிலிருந்து வருவோர் பிந்தனைக் காடுகளின் வழியாகவும் ஏறவேண்டியிருந்தது. எல்லா வழிகளும் ஒற்றையடிப் பாதைகளே. பாதைகளை அகலப்படுத்தாது விடுவதும் காட்டை அழியாது காப்பதும் கண்டியரசரின் கொள்கையாக இருந்தன.

இத்தகைய பாதையில் ஆயிரம் பேர் ஒருவர்பின் ஒருவராகச் செல்லின், படையின் தலை ஒரு குன்றிலும் வால் மற்றொரு குன்றிலும் இருக்கும். இடையில் நிகழ்வது தளபதியின் கண்ணுக்குத் தெரியாது. அவனது குரல் எட்டாது. முரசொலியும் பள்ளத்தாக்குகளிற் சிதைந்துவிடும். முன்னால் ஒரு மரம் வீழ்த்தப்பட்டுப் பின்னால் ஒரு மரம் வீழ்த்தப்பட்டால் பெரும்படை பல சிறு துண்டுகளாகிவிடும். அப்பொழுது ஒவ்வொரு துண்டுக்கும் அதனருகே நிற்கின்ற சிறு தலைவனே தளபதி ஆகின்றான். சமவெளிப் போரில் அணிவகுப்பு ஆற்றும் தொழிலை மலைப்போரில் அச்சிறு தலைவனின் அறிவும் உறுதியும் ஆற்றவேண்டியுள்ளன.

ஊரே பயிற்சிக்களம்

கண்டியரசின் படை ஊதியம் பெறும் நிலைப்படை அன்று. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அதன் அமைப்பை விரிவாக எழுதியுள்ளார். போர்வீரர் ஊதியத்துக்கு ஈடாக நிலத்தை அனுபவித்தனர். தந்தைக்குப்பின் மகன் அந்நிலத்தோடு அச்சேவையையும் ஏற்றான். வழிகள்தோறும் முட்கதவுகள் அமைக்கப்பட்டிருந்தன. அங்கே காவலர் இரவும் பகலும் நின்றனர். பயணஞ் செய்வோர் களிமண்ணிற் பதித்த முத்திரையைக் காட்டவேண்டும். போர்வீரனுக்குரிய முத்திரையில் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவமும், கூலியாளுக்குரியதிற் காவடி சுமந்த மனிதனின் உருவமும் இருந்தன. எழுத்தறியாக் காவலனும் கண்ட மாத்திரத்தே அறியத்தக்க ஏற்பாடு இதுவாகும். சிறியதொரு காவலிடத்துத் தலைவனுக்கு எவ்வளவு பொறுப்பு அளிக்கப்பட்டிருந்தது என்பதும் இதனாற் புலனாகும்.

அரண்மனைக் காவலும் படைச்சேவையும் பல பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தன. அத்தபத்து, மடுவை, வடன துவக்கு, கொடி துவக்கு முதலியன அப்பகுதிகளின் பெயர்கள்; ஒவ்வொன்றுக்கும் லேகம் எனப்பட்ட தலைமைக் கணக்கர் இருந்தார். துப்பாக்கியை யாழ்ப்பாணத்தார் துவக்கு என்றே வழங்குவர். அச்சொல் சிங்கள வழக்கிலும் நிலைபெற்றிருத்தல், போர்த்தொழில் இனத்தின் எல்லைகளைக் கடந்து பரவிய தன்மைக்கு ஒரு சான்று.

நொக்ஸுக்கு ஒரு நூற்றாண்டின் பின், 1804இல் கண்டிமேற் படை நடத்திய கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன், தாம் கண்ட கண்டிப்போர் முறையை 1810இல் வெளியான தமது நூலிற் பதிந்துள்ளார். திசாவையின் கட்டளை வந்ததும் ஊர்த்தலைவன் தன் ஊராரில் ஒரு பகுதியினரைத் திரட்டி அனுப்புவான். ஒவ்வொருவனும் துவக்கும் மருந்தும் பதினைந்து நாளைக்கு வேண்டிய அரிசியும் சமைக்க ஒரு சிறு பானையும் கொண்டு செல்வான். தாளிப்பனையின் ஓர் ஓலையே அவனுக்குக் கூடாரம். பதினைந்து நாள் கழிந்ததும் ஊரிலிருந்து அடுத்த பகுதியினர் வந்து அவர்களை விடுவிப்பர்.

இவ்வேற்பாட்டிற் பயிற்சிக்கூடம் என்று ஒன்று இல்லை. ஆயினும் பயிற்சி இருந்தது. முறை மாறி மாறிச் சென்றமையால் ஊரிலுள்ள ஆடவர் பலர் போரைக் கண்டறிந்தனர். இளைஞன் முதன்முறை சுமை தாங்கிச் சென்றான்; அடுத்த முறை மூத்தோர் பக்கத்தே பதுங்கியிருந்து பார்த்தான்; பின்னர்த் தானே சிலரை நடத்தினான். தன்னைப் பின்தொடர்வோரின் பெயரும் குணமும் அச்சமும் துணிவும் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவர்களும் அவனை வயலிலும் விழாவிலும் கண்டறிந்தவர்கள். தலைவனும் தொண்டரும் ஒரே ஊருக்குத் திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் ஆதலின், களத்திற் கைவிட்டு ஓடியவன் ஊரில் முகங்காட்ட இயலாது. புத்தகத்தாற் கற்பிக்க இயலாத இப்பிணைப்பே ஊர்ப்படையின் உயிர்நாடி.

அதன் குறைகளையும் மறைத்தல் தகாது. அரிசி தீர்ந்தாற் போரும் தீரும். அறுவடைக் காலத்தில் மனம் வயலை நாடும். கோட்டையை முற்றுகையிடுதல் போன்ற நெடுந்தொழில் அத்தகைய படைக்கு எளிதன்று. மலையிற் காக்க வல்ல படை கடற்கரையிலே தாக்க வல்லதாக அமையவில்லை.

முதலியும் ஆரச்சியும் கங்காணியும்

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டியை அடிப்படுத்த முயன்ற போர்த்துக்கேயர், தம் நாட்டு வீரர் சிலராதலின், நாட்டு வீரரையே பெருந்தொகையாகச் சேர்த்தனர். அவ்வீரர் இலஸ்கரீன் எனப்பட்டனர். படையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லடியாக அப்பெயர் போர்த்துக்கேயர் வாயிலாக வந்தது. ஆனால் அப்படையினரை நடத்திய தலைவர்களின் பெயர்களைப் பார்ப்பின் தமிழ் மாணவர் வியப்படைவர். பெருந்தலைவன் முதலியார், சிறிய அணியொன்றின் தலைவன் ஆரச்சி, அவனுக்குத் துணையாவான் கங்காணி. முதலி என்பது முதல் என்னுஞ் சொல்லடியாகப் பிறந்தது. ஆரச்சி என்பது ஆராய்ச்சி என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. கங்காணி என்பது கண்காணி. முதலாய் நிற்பவன், ஆராய்பவன், கண்காணிப்பவன் என மூன்று பெயர்களும் ஒரு சிறுபடைத் தலைவனின் மூன்று கடமைகளைச் சொல்லாமற் சொல்லுகின்றன.

போர்த்துக்கேயர் இத்தலைவர்களைத் திறம்படப் பயன்படுத்தினர். மலைவழியறிந்தவரும் வேவு பார்க்க வல்லவரும் அவர்களே. ஐரோப்பியத் துப்பாக்கிப் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்தது. நிலமும் பட்டமும் 'தொம்' என்னும் மதிப்பும் வழங்கப்பட்டன. ஒன்று மட்டும் முழுமையாக வழங்கப்படவில்லை, அது நம்பிக்கை. அதன் விளைவைப் பின்வரும் நிகழ்ச்சிகள் காட்டும்.

கோணப்பு பண்டாரன் என்னும் கண்டி இளைஞன் போர்த்துக்கேயரிடையே வளர்ந்தவன். தொம் யோவான் எனத் திருமுழுக்குப் பெற்றவன். கோவாவில் வாழ்ந்து அவர்தம் போர்முறையைக் கற்றவன். அவனே பின்னர் அவர்களை விட்டு நீங்கிக் கண்டியிற் பலம் பெற்று, முதலாம் விமலதர்மசூரியன் என்னும் பெயரோடு முடிசூடினான். 1594இல் பேதுரு லோப்பெஸ் டி சூசா என்னும் தளபதி, டொனா கத்தரீனா என்னும் அரசகுமாரியைக் கண்டி அரியணையில் அமர்த்தும் நோக்கத்தோடு பெரும்படை நடத்தி வந்தான். அப்படையின் பலம் ஜயவீர பண்டார முதலியாரின் கீழ் வந்த இலஸ்கரீன்களே. முதலியார் தம்முடன் இரகசியத் தொடர்புடையவர் போலத் தோன்றச் செய்யும் கடிதமொன்றைக் கோணப்பு பண்டாரன் பகைவர் கையிற் கிட்டுமாறு செய்தான். டி சூசா அதனை ஆராயாது நம்பினான், முதலியார் கொல்லப்பட்டார். தம் தலைவன் கொலையுண்ட செய்தி பரவியதும் இலஸ்கரீன்கள் பாசறையை விட்டு நீங்கினர். வழிகாட்டுவோரும் உணவு கொணர்வோரும் வேவு பார்ப்போரும் ஒருங்கே மறைந்தனர். எஞ்சிய போர்த்துக்கேயர் கண்டியை விட்டு மேற்கே திரும்பும் வழியில் தந்துறை என்னுமிடத்தில் வளைக்கப்பட்டு ஒக்டோபர் மாதத்தில் அழிந்தனர். ஒரு கடிதம் ஒரு படையை வென்றது எனலாம். ஆயினும் ஐயம் முன்னரே குடிகொண்டிராத உள்ளத்தில் அக்கடிதம் இடம் பெற்றிருக்க மாட்டாது.

இந்நிகழ்ச்சி தனித்ததன்று. 1603இல் பலனைக் கோட்டையைப் பிடித்துக் கண்டியை நெருங்கிய ஜெரோனிமோ டி அசவேடு, தம் இலஸ்கரீன்கள் கிளர்ந்தெழுந்தமையாற் போராடியவாறே தாழ்நிலத்துக்குப் பின்வாங்க நேர்ந்தது. 1630 ஓகஸ்ட் 25ஆம் நாள் ஊவாவிலுள்ள ரந்தெனிவெலையிற் கொன்ஸ்தந்தீனு டி சா வீழ்ந்ததற்கும், அவர் மிகவும் நம்பிய முதலியார்கள் கண்டியரசனோடு முன்னரே இணங்கிப் போரின் நடுவே அணி மாறியதே காரணம். 1638 மார்ச்சு 28ஆம் நாள், பேராதனைக்கு எதிரே மகாவலியின் அக்கரையிலுள்ள கன்னொறுவையில், தியோகு டி மெல்லு நடத்திய படை இரண்டாம் இராசசிங்கனால் அழிக்கப்பட்டது. அங்கும் இலஸ்கரீன்கள் கைவிட்டனர். தப்பிப் பிழைத்த போர்த்துக்கேயர் மிகச் சிலரே.

இவற்றைத் துரோகம் என்று போர்த்துக்கேய ஆசிரியர் எழுதினர். நாட்டுப்பற்று என்று பின்வந்தோர் போற்றினர். இரு சொற்களும் நிகழ்ச்சியின் ஒரு பக்கத்தையே காட்டுகின்றன. போர்த்துக்கேயர் திறமையை வளர்த்தனர், பற்றை வளர்த்திலர். இதை மறுப்போர் டி சாவின் கதையை எடுத்துக்காட்டுவர். அவர் முதலியார்களை நம்பினார். நம்பியும் கெட்டார் அன்றோ என்பர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. தனியொரு தளபதி தன் கீழ்த்தலைவரிடம் அன்பு பாராட்டலாம். அவன் சேவை செய்யும் ஆட்சி அவர்களின் ஊரையும் கோயிலையும் நிலத்தையும் அழிக்குமாயின், அத்தளபதியின் அன்பு அவ்விடைவெளியை நிரப்பமாட்டாது. கீழ்த்தலைவனின் பற்று ஓர் ஆளின்மீது மட்டும் நிற்பதன்று. தன் வீரரோடு தானும் ஒரு முழுமையின் உறுப்பு என்னும் உணர்வின்மீது நிற்பது.

ஐயுறவே அரசியலானால்

வெற்றி பெற்ற கண்டியரசும் இக்குறைக்கு விலக்கன்று. கன்னொறுவையில் வென்ற இரண்டாம் இராசசிங்கன், முதுமை நெருங்க நெருங்கத் தன் தலைவர்களை ஐயுற்றான். படை புறப்படும்போது ஒவ்வொரு தலைவனும் தன் வீரரை மட்டுமே நடத்தினான்; ஒருவனும் மற்றவனுக்கு மேற்பட்டவன் அல்லன். பெருந்தேவை நேர்ந்தாலன்றி எல்லோர்க்கும் மேலாக ஒருவனை அரசன் நியமிப்பதில்லை. ஒருவர்மீது ஒருவர் அரசனுக்குச் செய்தி அனுப்பக்கூடிய நிலை இருந்தமையால், ஒருவர்க்கொருவர் காவலாயினர் என நொக்ஸ் எழுதுகின்றார்.

இம்முறை கலகத்தைத் தடுக்கும் என அரசன் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் 1664ஆம் ஆண்டின் இறுதியிற் கண்டிக்குத் தெற்கே நிலம்பையில் அவனது அரண்மனைமீதே கலகம் எழுந்தது. கலகக்காரர் இளவரசனை அரசனாக்க முயன்றனர். இளவரசன் அவர்களை விட்டு அகன்றமையாற் கலகம் சிதைந்தது. இராசசிங்கன் உயிர் தப்பி அங்குரங்கெத்தைப் பக்கத்து மலைகளுக்குச் சென்று, பின்னர் அங்கேயே வாழ்ந்தான். ஐயுறவு கலகத்தைத் தடுக்கவில்லை. தலைவர்கள் ஒன்றுகூடிச் செயற்படும் பழக்கத்தையே தடுத்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின், கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராசசிங்கனுக்கும் அவனுடைய திசாவைமார்க்குமிடையே இருந்த பிணைப்பு அற்றபோது, 1815இற் பெரும்போர் எதுவுமின்றியே கண்டி பிரித்தானியர் கைப்பட்டது. மலைகள் அன்றும் இருந்தன. கணவாய்கள் அன்றும் ஒடுங்கியே இருந்தன. அவற்றைக் காக்கும் தலைமக்களைத் திரட்டும் கை இல்லாதொழிந்தது.

1803: பெரியோர் தளர்ந்தவிடத்துச் சிறியோர்

இனிப் பிரித்தானியரின் அனுபவத்தை நோக்கலாம். 1803ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெனரல் மக்டவல் நடத்திய படை கண்டியை எதிர்ப்பின்றி அடைந்தது. நகரம் வெறுமையாக இருந்தது. காவற்படையை அங்கே விட்டுத் தளபதி நீங்கியபின் காய்ச்சல் பரவிற்று. ஐரோப்பிய வீரர் பலர் மாண்டனர். எஞ்சியோரிற் பெரும்பாலோர் எழுந்து நிற்கவும் இயலாதிருந்தனர். மலாய் வீரர் சிலர் இரவிரவாக நீங்கினர். மலாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் டேவி என்பார் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். யூன் 24ஆம் நாள் அரண்மனை தாக்கப்பட்டதும், திருகோணமலைக்குச் செல்ல விடுவதாக அளிக்கப்பட்ட வாக்கை ஏற்று அவர் சரணடைந்தார். வட்டபுலுவையிலே மகாவலி பெருகியோட, கடக்கத் தோணியின்றிப் படை தங்கிற்று. அங்கே ஆயுதங்கள் கீழே வைக்கப்பட்டன. பின்னர் ஐரோப்பிய வீரர் இருவர் இருவராகப் பிரித்து அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். டேவி உயிரோடு விடப்பட்டுச் சிறையிலேயே இறந்தார்.

இப்பேரழிவிடையே மூவரின் செயல்கள் தனித்துத் தோன்றுகின்றன. மூவரும் பெரும்பதவியினர் அல்லர்.

முதல்வர் பாண்ஸ்லி என்னும் கோப்பிரல். கழுத்திலே வெட்டுண்டு, இறந்தவராகக் கருதப்பட்டுப் பிணங்களிடையே கிடந்த அவர், உயிர் மீண்டு மாத்தளைப் பக்கத்திலிருந்த மக்டவல் கோட்டையை அடைந்து செய்தியை அறிவித்தார். அதனால் அங்கிருந்த கப்டன் மட்ஜ், தமக்கும் அதே கதி நேருமுன் தம் வீரரோடு திருகோணமலைக்குப் பின்வாங்க முடிந்தது. கட்டளையிட மேலதிகாரி ஒருவரும் இல்லாத நிலையிலும், தன் கடமை இன்னும் முடியவில்லை என அக்கோப்பிரல் கருதினார். இதுவே சிறுபடைத் தலைவனின் முதற்பண்பு.

இரண்டாமவர் தம்பதெனியாவிலிருந்த என்சைன் கிறான்ட். அதிகாரிகளுள் மிகக் கீழான பதவி அவருடையது. அவரிடம் இருந்தோர் நோயிலிருந்து தேறிவந்த ஐரோப்பியர் 14 பேரும், நோயுற்ற மலாயர் 22 பேருமே. இருந்த அரணோ மண்ணாலும் விறகுக்கட்டுகளாலும் ஆக்கப்பட்ட எளிய அமைப்பு. களஞ்சியத்திலிருந்த அரிசி மூடைகளைக் கொண்டு அதனை அவர் பலப்படுத்தினார். சூழ்ந்து நின்றோர் சரணடையுமாறு கேட்டும் இணங்காது, யூலை 2ஆம் நாள் கப்டன் பிளக்கோல் உதவிப்படையோடு வந்து சேரும்வரை அவ்விடத்தைக் காத்தார். கண்டியிலிருந்த படையும் நோயுற்ற படையே. தம்பதெனியாவிலிருந்ததும் நோயுற்ற படையே. ஈண்டு வேறுபாடு வீரரின் தொகையில் இல்லை. எனினும் டேவியை எளிதிற் பழித்துவிடுதலும் நேர்மையன்று. உதவிப்படை எட்டக்கூடிய தூரத்தில் கிறான்ட் இருந்தார். டேவி நாட்டின் நடுவே தனித்து விடப்பட்டிருந்தார். அவ்வாறு விட்டுச் சென்ற மேலிடத்தின் பிழையும் அப்பிழையிற் பாதி.

மூன்றாமவர் மலாய்க் கப்டன் நூர்தீன். கண்டியரசன் அவரைத் தன் மலாய்ப் படைக்குத் தலைவராக்க முன்வந்தான். தாம் முன்னரே மற்றோர் அரசனுக்குச் சத்தியம் செய்துள்ளதாகக் கூறி அவர் மறுத்தார். சிறை வைக்கப்பட்டு மீண்டும் கேட்கப்பட்டபோதும் மறுத்துத் தம் சகோதரரோடு கொல்லப்பட்டார். அவரைப் போன்றே அந்நிய நாட்டிற் பிறந்து அந்நிய அரசின்கீழ்ச் சேவை செய்த மலாயர் சிலர், அதே நாள்களிற் கண்டியரசனிடம் சேர்ந்தனர். ஒரே படையில், ஒரே ஊதியத்தில், ஒரே பயிற்சியில் வளர்ந்தோர் இருவேறு வழியிற் சென்றமை, பயிற்சியும் ஊதியமும் மட்டும் தலைவனை ஆக்குவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

1804: தனித்து நடந்த படை

அடுத்த ஆண்டு, பல திசைகளிலிருந்தும் சிறுபடைகள் ஒரே காலத்தில் புறப்பட்டுக் கண்டியிற் சந்திக்க வேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. மட்டக்களப்பிலிருந்து வந்த பிரிவுக்குக் கப்டன் ஜோன்ஸ்ரன் தலைவர். அவரிடம் ஐரோப்பியரும் மலாயரும் சிப்பாய்களுமாக ஏறத்தாழ 300 வீரரும், சுமை காவுவோர் 500க்கு மேற்பட்டோரும் இருந்தனர். செப்ரெம்பர் மாதத்திற் புறப்பட்ட அவர், ஒக்டோபர் மாதத் தொடக்கத்திற் போராடிக்கொண்டே கண்டியினுட் புகுந்தார். வேறு படை எதுவும் அங்கே வந்து சேரவில்லை. திட்டம் கைவிடப்பட்டிருந்தது, அச்செய்தி அவரை எட்டவில்லை.

மூன்று நாள் காத்திருந்தபின் அவர் திருகோணமலையை நோக்கித் திரும்பினார். டேவியின் படை தடுக்கப்பட்ட அதே ஆற்றை அவரும் கடக்க வேண்டியிருந்தது. மழை பெய்தது, காயம்பட்டோரைச் சுமப்பதற்கும் ஆள் போதவில்லை, காட்டின் இருபுறமும் துவக்குகள் வெடித்தன. பாதை ஒடுங்கிய இடங்களில் முன்னணியும் பின்னணியும் ஒன்றையொன்று காணாது போராடின. எனினும் படை சிதறவில்லை. ஒக்டோபர் 20ஆம் நாளளவில் எஞ்சியோர் திருகோணமலையை அடைந்தனர். அங்கே அவர்களை உயிரோடு எதிர்பார்த்தோர் சிலரே.

ஜோன்ஸ்ரனின் துணிவைப் புகழ்தல் எளிது. ஆனால் ஒற்றையடிப் பாதையில் நீண்டு கிடந்த அப்படையின் ஒவ்வொரு பகுதியையும் அவர் ஒருவரே காத்திருக்க முடியாது. ஒவ்வொரு குழுவிலும் வரிசை குலையாது நிறுத்தவும், பின்தங்குவோரைச் சேர்த்துக்கொள்ளவும், கட்டளை வராத கணத்திலே தகுந்தது செய்யவும் வல்ல கீழதிகாரிகளும் கோப்பிரல்களும் ஹவில்தார்களும் இருந்தமையாலேயே அப்படை ஒரு படையாக மீண்டது. பகைவரின் போர்முறையை இழிவாக எண்ணாது, அதனை நுணுகி நோக்கிப் பின்வருவோர்க்குப் பயன்படுமாறு அவர் எழுதி வைத்தமையும் பாராட்டத்தக்கது. ஊர்ப்படையின் பதினைந்து நாள் முறையை இன்று அறிந்துகொள்ளக் கூடியதாயிருப்பது அந்நூலின் பயனே.

தோட்டங்களின் காலம்

1815இன் பின் கண்டிச் சூழலின் தோற்றம் மாறிற்று. கம்பளையைச் சுற்றி 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் திரள் திரளாக வந்தனர். அவர்களைத் திரட்டி வந்து நடத்தியவனுக்குக் கங்காணி என்பதே பெயர். இலஸ்கரீன்களின் சிறு தலைவனைக் குறித்த சொல் தொழிலாளர் கூட்டத்தின் தலைவனைக் குறிப்பதாயிற்று. ஊரும் உறவும் பற்றித் தன் ஆட்களோடு வந்த அவன், சில வகையில் பழைய ஊர்ப்படைத் தலைவனை ஒத்திருந்தான். ஆனால் அவன் கையில் அவர்களின் கடன்கணக்கும் இருந்தது. தன்னைப் பின்தொடர்வோரின் கடனிலே தன் ஆக்கத்தைத் தேடுபவன் தலைவனாதல் அரிது. கண்காணியாதல் மட்டுமே எளிது.

அத்தோட்டங்களின் துரைமார் 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் துவக்குப்படை என்னும் தொண்டர் படையை அமைத்தனர். அதன் தலைமையகம் கண்டியில் இருந்தது. முதலாம் உலகப் போர் தொடங்கியதும், 1914இல் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் அதிகாரிகள் 8 பேரும் ஏனையோர் 229 பேரும் எகிப்துக்குச் சென்றனர். 1915இற் கலிப்பொலியில் அன்சாக் படையினரோடு அவர்கள் இணைக்கப்பட்டு, ஜெனரல் பேட்வூட்டின் தலைமையகத்தைக் காத்தனர். சாதாரண வீரராகச் சென்றவருட் பலர் பின்னர்ப் பிற படைகளில் அதிகாரிகளாயினர். காட்டில் வழி கண்டு, பலரை நடத்தி, மேலிடத்தின் உதவியின்றித் தாமே முடிவு செய்து பழகியவர்கள் ஆதலின் அப்பதவி அவர்களுக்கு எளிதிற் பொருந்திற்று. ஒரு படைப்பிரிவு தலைவர்களின் நாற்றங்காலாக விளங்கக்கூடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அந்நாற்றங்கால் ஐரோப்பியர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது. அதே மலைச்சரிவிற் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞனோ சிங்கள இளைஞனோ அதிற் கால் வைக்க இயலவில்லை. 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டதையொட்டி அப்படை கலைக்கப்பட்டது. திறமைக்கு முன் பிறப்பைக் கேட்கும் பயிற்சி, நாட்டின் பயிற்சியாகாது.

இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டு தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. மவுன்ட்பேற்றன் பிரபு அங்கிருந்து ஆணை செலுத்தினார். அவ்வாணைக்குட்பட்டுப் பர்மாவிற் போரிட்ட பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம், தோல்வியால் மனமுடைந்த வீரரை மீட்ட முறை கண்டியின் பழைய பாடத்தை நினைவூட்டும். அவர் உடனே பெரும்போர் தொடுக்கவில்லை. தேர்ந்தெடுத்த சிறு குழுக்களைக் காட்டினுள் வேவுக்கு அனுப்பினார். அவை வெற்றியோடு திரும்பின. அச்செய்தி படையெங்கும் பரவிற்று. பின்னர்ச் சிறிய தாக்குதல்களுக்குத் தோல்விக்கு இடமில்லாதவாறு பெரும்பலம் அளித்தார். பெரும் பொறுப்பு, சிறு வெற்றிகளின்மேற் படிப்படியாக ஏற்றப்பட்டது. ஆங்கிலேயரும் இந்தியரும் கூர்க்கரும் ஆபிரிக்கரும் சேர்ந்த அப்படை காட்டுப் போரில் தேர்ந்தது அவ்வாறே. ஸ்லிம் தமது அனுபவத்தை 1956இல் நூலாக வெளியிட்டார்.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சிறுபடைத் தலைவன் உருவாவதற்கு மூன்று வேண்டும் என்பது பெறப்படும். சிறு பொறுப்பிலே தொடங்கிப் படிப்படியாக உயரும் பழக்கம் ஒன்று. அதனைக் கண்டியின் ஊர்முறையும் ஸ்லிமின் வேவுக் குழுக்களும் காட்டின. தான் நடத்துவோரோடு ஒன்றாய் நிற்கும் உறவு மற்றொன்று. அஃதில்லாதவிடத்துக் கண்காணி இருப்பான், தலைவன் இரான். மூன்றாவது மேலிருப்போரின் நம்பிக்கை. முதலிரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாமையால் டி சூசா தந்துறையில் அழிந்தான். இராசசிங்கன் நிலம்பையை விட்டு ஓடினான்.

ஆராயாது ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவனை ஐயுறுதலும் தீராத் துன்பத்தைத் தரும் என்பது 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் இறுதிக் கருத்து. கண்டி மலைகளில் இரு நூற்றாண்டுகளாக நிகழ்ந்தவை அக்கருத்துக்கு எழுதப்பட்ட உரை போல்வன. இது படைக்கு மட்டும் உரியதன்று. மாணவ முதல்வனை நியமிக்கும் பாடசாலையும், இளையவனிடம் திறவுகோலைக் கொடுக்கும் நிறுவனமும், ஊர்ச்சபையும் இதே தேர்வை நாள்தோறும் எதிர்நோக்குகின்றன. முன்னே ஆராய்க, ஆராய்ந்தபின் பொறுப்பைக் கொடுக்க, கொடுத்த பொறுப்பிலே அவன் தடுமாறினும் உடனே பறியாது தாங்குக. இவ்வாறு செய்யாத அரசுகள் கண்டி வழியில் தம் படைகளை இழந்தன.